மண்ணடி நிலையத்துக்கு அடியில் பழைய சுரங்கப் பாதை இருந்ததா?

கேள்வி இதுதான்: மண்ணடி மெட்ரோ நிலையம், வெள்ளைக்காரர் காலத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருந்து வந்த பழைய சுரங்கப் பாதையில்தான் கட்டப்பட்டது என்று தெருவில் சொல்கிறார்களே, உண்மையா? இல்லையென்றால் ஏன் இவ்வளவு ஆழத்துக்கு இறங்க வேண்டியிருக்கிறது? ஒவ்வொரு தடவையும் நினைத்த பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கத்தில் வெளியே வருவது ஏன்? மூன்றாகத் தெரிந்தாலும் கேட்கப்படுவது ஒன்றுதான். அந்தத் தெருவுக்குக் கீழே முன்பு என்ன இருந்தது, அதற்குள் ஒரு ரயில் நிலையத்தை எப்படிப் புகுத்தினார்கள் என்பதே அது.

நான் மண் ஆய்வுப் பொறியாளன். வடசென்னையில் கட்டடங்களுக்கும் பாலங்களுக்கும் நிலத்தைத் துளைத்து, வரும் மண்ணைப் பார்த்து அடித்தளம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிக்கொடுப்பதே பிழைப்பாக இருந்தவன். மெட்ரோ நிறுவனத்தில் வேலை பார்த்தவன் அல்ல. ஆகவே பதிவான வரலாறு எது, தொழில் அனுபவத்தை வைத்து நானாக ஊகிப்பது எது என்று ஆங்காங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில் சுரங்கக் கதை. அது உண்மையல்ல. கோட்டையில் இருந்து அங்கே போகிறது, இங்கே வருகிறது என்று சுரங்கப் பாதைகளைப் பற்றிய பேச்சு சென்னையில் எல்லாப் பழைய பேட்டைகளிலும் உண்டு. கோட்டைக்குள் நிலவறைகள் இருந்தனவா என்பது வேறு விவாதம். அப்படி ஒரு செங்கல் சுரங்கம், நிலையத்துக்கு மேலே உள்ள பிராட்வே சாலை வரை வந்திருந்தாலும் மெட்ரோவுக்கு அது உதவியிருக்காது. உபத்திரவமாகத்தான் இருந்திருக்கும். மெட்ரோ சுரங்கம் சுமார் 6 மீட்டர் விட்டமுள்ளது. வளைவும் சரிவும் ரயிலின் வேகத்துக்கு ஏற்றபடி கணக்கிடப்பட்டவை. ஆள் குனிந்து போகும் பாதையை அகலப்படுத்தி அதை உண்டாக்க முடியாது. போதாததற்கு, தோண்டும் இயந்திரம் முன்னால் உள்ள மண்ணை அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் நகர்கிறது. வழியில் ஒரு வெற்றிடம் குறுக்கிட்டால் அந்த அழுத்தம் சட்டென்று குறைந்து, மேலே தரை உள்வாங்கும்.

சுரங்கம் இல்லை என்றால் அங்கே இருந்தது என்ன? வாய்க்கால். இது பதிவான வரலாறு. முதல் கறுப்பர் நகரம், அதாவது இந்தியர்கள் குடியிருந்த பகுதி, கோட்டைச் சுவருக்கு ஒட்டி, இன்றைக்கு உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்து, 1749இல் திரும்பக் கொடுத்தார்கள். கோட்டைக்கு எதிரே பீரங்கி சுட வெட்டவெளி வேண்டும் என்பதற்காக அந்தக் காலகட்டத்தில் அந்த நகரம் இடித்துத் தள்ளப்பட்டது. இந்த எல்லைக்குள் வீடு கட்டக் கூடாது என்று 1773இல் நட்ட ஆறு தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. துரத்தப்பட்ட மக்கள் வடக்கே இருந்த முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தார்கள். கடல் பக்கம் முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. இரண்டுக்கும் நடுவே தாழ்ந்த நிலமும் ஒரு வாய்க்காலும். 1780களில் ஸ்டீபன் போப்பம் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் அந்தப் பள்ளத்தை வாங்கி, நீரை வடித்து, மண்ணைக் கொட்டி மேடாக்கித் தெரு போட்டார். அதுதான் போப்பம்ஸ் பிராட்வே. பிறகு ஆந்திர கேசரி பிரகாசத்தின் பெயரில் பிரகாசம் சாலை ஆனது. மக்கள் வாயில் இன்றும் பிராட்வேதான்.

மண்ணடி நிலையம் இந்தச் சாலைக்கு அடியில்தான் இருக்கிறது. இனி ஊகம்: நிலையத்துக்குக் குழி தோண்டியபோது மேல் அடுக்கில் கிடைத்ததில் ஒரு பகுதி போப்பம் கொட்டிய மண்ணாகவே இருந்திருக்க வேண்டும். மண்ணடியும் அடங்கிய ஜார்ஜ் டவுனில் எங்கே துளை போட்டாலும் முதல் இரண்டு மூன்று மீட்டருக்கு உடைந்த செங்கல், சுண்ணாம்புக் காரை, ஓட்டுச் சில்லு, எப்போதாவது ஒரு மாட்டு எலும்பு என்று ஊரின் குப்பைதான் வரும். அதற்குக் கீழேதான் இயற்கையான மண்.

அந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆழம் பற்றிய கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. நாங்கள் செய்யும் சோதனை எளிமையானது. துளைக்குள் ஒரு குழாயை இறக்கி, 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து அதன் தலையில் விழவிடுவோம். குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணுவோம். பிறகு குழாயை வெளியே எடுத்து இரண்டாகத் திறந்தால் உள்ளே மண் உருளையாகப் படுத்திருக்கும். கிண்டி, சைதாப்பேட்டைப் பக்கம் என்றால் சீக்கிரமே பாறை தட்டும், சுத்தியல் எகிறும். ஜார்ஜ் டவுனில் அப்படியல்ல. சாம்பல் நிற மணல், அதில் நகக்கண் அளவு கிளிஞ்சல் துண்டுகள், சற்றுக் கீழே போனால் கையில் ஒட்டிக்கொள்ளும் கறுப்புக் களிமண். சேற்று நாற்றம் அடிக்கும். சில இடங்களில் சுத்தியல் நாலைந்து தடவை விழுந்ததுமே குழாய் முழுதாக இறங்கிவிடும். கடலும் ஆற்று வண்டலும் மாறி மாறிப் படிந்த நிலம் இது. துளை போட்டு முடித்து டீ குடித்துவிட்டு வருவதற்குள் தண்ணீர் தரைக்குச் சில மீட்டர் கீழே வரை ஏறி நிற்கும்.

இந்தத் தண்ணீர் புதுச் செய்தியல்ல. பிராட்வேக்கு மேற்கே ஏழு கிணறு இருக்கிறதே, 1772இல் கோட்டைக்குக் குடிநீர் கொண்டுபோனது அங்கிருந்துதான். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர் கிடைத்ததற்குக் காரணம், மழைநீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் அந்த மணல். கிணறு வெட்டியவனுக்கு வரமாக இருந்த அதே மணல்தான் நிலையம் கட்ட வந்தவனுக்குத் தலைவலி.

எதனால் என்றால், நிலத்தடி நிலையம் என்பது தண்ணீருக்குள் வைத்த காலிப் பெட்டி. நிறைந்த தொட்டியில் காலி அண்டாவை அழுத்திப் பாருங்கள், கையைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். தரைத்தளம் நிலத்தடி நீர்மட்டத்துக்கு 12 மீட்டர் கீழே இருந்தால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் தண்ணீர் சுமார் 12 டன் விசையோடு மேல்நோக்கித் தள்ளும். இருநூறு மீட்டருக்கு மேல் நீளமும் இருபது மீட்டர் அகலமும் உள்ள பெட்டிக்கு அது என்ன கணக்கு ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். அதை எதிர்த்து நிற்பது கான்கிரீட்டின் சொந்த எடை, கூரையின் மேல் திருப்பிப் போட்ட மண், பக்கச் சுவர்கள் மண்ணோடு உரசிப் பிடிக்கும் பிடி. சில இடங்களில் கீழே இழுத்துப் பிடிக்கும் தூண்களும் போடுவார்கள். தரைத்தளம் ஏன் அவ்வளவு தடிமன் என்று வேலை நடக்கும்போது எட்டிப் பார்த்தவர்கள் கேட்பார்கள். தூக்கும் தண்ணீருக்கு எதிராகத்தான் அந்தத் தடிமன்.

கட்டும் முறையும் அதற்கேற்பத்தான். முதலில் சாலையின் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்தில் ஆழமான அகழி வெட்டுவார்கள். அது இடிந்து விழாமல் இருக்க பென்டோனைட் என்ற களிமண் கரைசலை வெட்ட வெட்ட நிரப்பிக்கொண்டே போவார்கள். பிறகு கம்பிக் கூண்டைக் கிரேனில் தூக்கி அந்தக் கரைசலுக்குள் இறக்கி, குழாய் வழியாக அடியில் இருந்து கான்கிரீட் ஊற்றுவார்கள். கான்கிரீட் ஏற ஏறக் கரைசல் மேலே வழிந்து வரும். அதைச் சேகரித்து அடுத்த அகழிக்குப் பயன்படுத்துவார்கள். இப்படித் துண்டு துண்டாகச் சுவர் முடிந்த பிறகுதான் உள்ளே தோண்டுவது. நெரிசலான தெருவில் மேலே கூரையை முதலில் போட்டு, சாலையைத் திறந்துவிட்டு, அதன் அடியில் தோண்டிக்கொண்டே கீழே போவது வழக்கம். மேலிருந்து கீழாகக் கட்டுவது என்பது சாதாரண மேஸ்திரிக்கு வினோதமாகப் படும், ஆனால் பிராட்வே போன்ற இடத்தில் வேறு வழி குறைவு.

இப்போது ஆழத்தைக் கணக்குப் போடலாம். இரண்டு பக்கமிருந்து போட்டாலும் கிட்டத்தட்ட ஒரே விடைதான் வரும். மேலிருந்து வந்தால்: கழிவுநீர்க் குழாய், குடிநீர்க் குழாய், மின்கம்பி எல்லாம் போக இரண்டு மூன்று மீட்டர். கூரை ஒரு மீட்டர். டிக்கெட் தளத்துக்கு ஐந்து மீட்டர் போல உயரம். அதன் தரை ஒரு மீட்டர். நடைமேடைத் தளத்துக்கு இன்னொரு ஐந்து மீட்டர். நடைமேடைக்கும் தண்டவாளத்துக்கும் ஒரு மீட்டர் சொச்சம். கூட்டினால் 15 மீட்டருக்கு மேல் போகிறது. சுரங்கத்தின் பக்கமிருந்து வந்தால்: இளகிய மண்ணில் இயந்திரம் பத்திரமாகப் போக, தலைக்கு மேல் குறைந்தது அதன் விட்டம் அளவுக்காவது மண் இருக்க வேண்டும் என்பது பொறியாளர்களிடையே உள்ள பொது விதி. ஆறு மீட்டர் மண், ஆறு மீட்டர் சுரங்கம், பாதுகாப்புக்கு இன்னும் கொஞ்சம். மறுபடியும் 12இல் இருந்து 15 மீட்டர். இவை பொதுவான அளவுகளை வைத்துப் போட்ட கணக்கு, மண்ணடியின் வரைபடத்தில் இருந்து எடுத்த எண்கள் அல்ல. ஆனால் எந்த நிலத்தடி நிலையத்திலும் நீங்கள் இரண்டு தடவை படி இறங்குவதற்குக் காரணம் இதுதான்.

சுரங்கம் எல்லா இடத்திலும் சாலைக்கு அடியிலேயே போகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரயில் பாதை சென்ட்ரலில் இருந்து கிழக்கே வந்து, வடக்கே திரும்பி, உயர் நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை என்று போகிறது. தெருமுனையில் ஆட்டோ திரும்புவது போல ரயிலால் திரும்ப முடியாது. பெரிய வளைவு வேண்டும். அந்த வளைவு வீடுகளுக்கும் கடைகளுக்கும் அடியில்தான் போகும். தோண்டுகிறவர்களுக்கு இங்கே இருந்த உண்மையான பயம், நீங்கள் கேட்ட ரகசியச் சுரங்கம் அல்ல, கிணறு. ஜார்ஜ் டவுனில் பழைய வீடு என்றால் முற்றத்தில் கிணறு உண்டு. மூடிப் பலகை போட்டு மேலே சமையலறை கட்டியவர்கள் இருக்கிறார்கள். அதோடு எந்த ஏட்டிலும் ஏறாத போர்வெல் குழாய்கள். இயந்திரத்தின் முகத்தில் உள்ள அழுத்தம் இந்த ஓட்டைகள் வழியாக மேலே தப்பித்தால் நுரையும் சேறும் வீட்டுக்குள் கொப்பளிக்கும். ஆகவே தோண்டுவதற்கு முன்பே வீடு வீடாகப் போய்க் கிணறு எங்கே என்று கேட்டுக் குறித்துக்கொள்வது இந்தத் தொழிலில் முக்கியமான வேலை. பாதியில் மண் சரிந்தால் என்ன ஆகும் என்பதை அண்ணா சாலை காட்டியது. 2017 ஏப்ரல் 9 அன்று சுரங்கப் பணி நடந்த இடத்துக்கு மேலே சாலை உள்வாங்கி மாநகரப் பஸ் ஒன்றும் கார் ஒன்றும் குழிக்குள் இறங்கின.

காலக் கணக்கைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், அது எல்லாருக்கும் கிடைக்கும் செய்தி. சென்னை மெட்ரோவின் கட்டுமானம் 2009இல் தொடங்கியது. முதல் ரயில் 2015 ஜூன் 29இல் கோயம்பேடு, ஆலந்தூர் இடையே மேம்பாலத்தில் ஓடியது. நிலத்தடியில் முதல் ஓட்டம் 2017 மே 14, திருமங்கலத்தில் இருந்து நேரு பூங்கா வரை. மண்ணடி திறந்தது 2019 பிப்ரவரி 10 அன்று, வண்ணாரப்பேட்டை வரையிலான பாதையோடு. அதற்குப் பிறகு இரண்டு வருடம் வண்ணாரப்பேட்டைதான் கடைசி நிலையம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் புறப்பட்டது ராயபுரத்தில் இருந்து, ஆனால் மெட்ரோவின் முதல் திட்டமோ வண்ணாரப்பேட்டையோடு நின்றது. அதற்கு வடக்கே இருப்பவர்கள் பஸ்ஸை நம்பியே வாழட்டும் என்பதுபோல் அப்போது எங்களுக்குப் பட்டது. விம்கோ நகர் வரை சுமார் 9 கிலோமீட்டர் நீட்டிப்பு 2021 பிப்ரவரி 14இல் திறந்தது. அதில் தியாகராயர் கல்லூரி, தண்டையார்பேட்டை இரண்டும்தான் நிலத்தடி நிலையங்கள். புது வண்ணாரப்பேட்டையில் இருந்து ரயில் மேலே ஏறிவிடுகிறது. திருவொற்றியூர் தேரடியும் விம்கோ நகர் பணிமனையும் 2022 மார்ச் 13 வரை காத்திருந்தன.

மண்ணடியில் இருந்து வண்ணாரப்பேட்டைக்குப் போகும்போது இன்னொரு பழைய எல்லையையும் கடக்கிறீர்கள். ஹைதர் அலி வந்துபோன பிறகு நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலின் வடக்குப் பக்கம் பழைய ஜெயில் சாலையை ஒட்டி ஓடியது. மேற்குப் பக்கத்தின் நினைவு வால்டாக்ஸ் சாலை. மதிலின் மிச்சத்தை இன்றும் மாடிப் பூங்காவில் பார்க்கலாம். அந்தக் காலத்து அடித்தளம் அவ்வளவு ஆழம் போயிருக்காது, சுரங்கம் அதைத் தொடாமல் கீழே போயிருக்கும் என்பது என் கணிப்பு.

சரி, எதிர்ப்பக்கம் வெளியே வரும் விஷயம். இதற்கு நிலையத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டால் போதும். இயந்திரம் போகத் தனித்தனியாக இரண்டு சுரங்கங்கள் வேண்டும், அவற்றுக்கு நடுவே மண் விட வேண்டும். அந்த இடைவெளி நிலையத்துக்குள் வரும்போது நடைமேடை ஆகிறது. அதாவது தண்டவாளங்கள் இரு ஓரத்திலும், நடைமேடை நடுவிலும். நம் ரயில்கள் இடப்பக்கம் ஓடுபவை. பிராட்வே தெற்கு வடக்காக ஓடுகிறது. ஆகவே விம்கோ நகர் போகும் ரயில் மேற்கு ஓரத்தில் வரும், விமான நிலையம் போகும் ரயில் கிழக்கு ஓரத்தில் வரும். சென்ட்ரலில் இருந்து வந்து நீங்கள் இறங்கினால் உங்கள் முகம் கிழக்கே, கடலைப் பார்த்து இருக்கும். இடக்கைப் பக்கம் வடக்கு. திருவொற்றியூரில் இருந்து வந்து இறங்கினால் முகம் மேற்கே, ஏழு கிணறு பக்கம். இடக்கைப் பக்கம் தெற்கு. காலையில் ஒரு திசையில் இருந்து வந்து இடது பக்கம் திரும்பிப் பழகியவர், இன்னொரு நாள் எதிர்த் திசையில் இருந்து வந்து அதே இடது பக்கம் திரும்பினால் நேர் எதிரான முனையில்தான் ஏறுவார். மேலே வானமோ கோயில் கோபுரமோ தெரியாததால் உடம்பு அதைத் திருத்திக்கொள்வதில்லை.

நடைமேடையில் இருந்து ஏறும் படிகள் நீளவாக்கில், முனைகளை நோக்கிப் போகின்றன. டிக்கெட் தளத்துக்கு வந்து தடுப்பு வாயிலைத் தாண்டிய பிறகு சாலைக்கு ஏறும் படி பக்கவாட்டில் திரும்பும். இப்படி இரண்டு மூன்று தடவை திரும்பியதில் திசை தொலைந்துவிடுகிறது. ரயில் பெட்டிகள் நான்கு, நடைமேடையோ ஆறு பெட்டிக்கு ஏற்ற நீளம். நிலையப் பெட்டி அதைவிடவும் நீளம், ஏனென்றால் இரு முனைகளிலும் காற்றோட்ட விசிறிகள், குளிர்சாதனம், மின்சார அறைகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. மக்கள் கண்ணில் படாத அந்தப் பகுதி சேர்ந்ததால்தான் சாலையில் ஒரு வாயிலுக்கும் இன்னொரு வாயிலுக்கும் அவ்வளவு தூரம். இரண்டு வாயிலுக்கு நடுவே தெருவில் நிற்கும் கம்பிச் சட்டம் போட்ட கான்கிரீட் கூடுகள் அந்த விசிறிகள் மூச்சு விடும் இடம். அங்கே குப்பை கொட்டுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

நடைமுறைக்கு ஒன்று: படி ஏறுவதற்கு முன்பே, நடைமேடையில் நிற்கும்போதே தெருப்பெயர் எழுதிய பலகையைப் பாருங்கள். தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு, காளிகாம்பாள் கோயில் எல்லாம் கிழக்குப் பக்கம். தங்கசாலை, சௌகார்பேட்டை மேற்குப் பக்கம். பாரிமுனையில் வேலை என்றால் மண்ணடியில் இறங்காமல் உயர் நீதிமன்றத்தில் இறங்குவது மேல். பிராட்வே என்று சொல்லிப் பழகியவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் சாலையின் தென்முனைக்கு ஒரு நிலையம், நடுப்பகுதிக்கு ஒரு நிலையம்.

கேள்வியின் கடைசி வரியில் உங்கள் பாட்டி வீட்டுச் சுவரில் விரிசல் இருப்பதாகவும் அது ரயிலால்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பார்க்காமல் சொல்ல மாட்டேன். செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டி, தேக்கு உத்தரத்தின் மேல் மெட்ராஸ் டெரஸ் என்ற செங்கல் சுண்ணாம்புக் கூரை போட்ட வீடுகளில் விரிசலுக்குப் பல காரணம் உண்டு. உத்தரத்தின் முனை மக்கியிருக்கலாம், பக்கத்து மனையில் புதிதாக ஆழமாகத் தோண்டியிருக்கலாம், போர்வெல்லில் இடைவிடாமல் தண்ணீர் இறைத்ததில் மண் இறங்கியிருக்கலாம். சுரங்கம் தோண்டும்போது ஏற்படும் அமுக்கம் பெரும்பாலும் இயந்திரம் கடந்துபோன நாட்களிலும் அதை அடுத்த சில மாதங்களிலும் நடந்து முடிந்துவிடும். களிமண் உள்ள இடத்தில் இன்னும் கொஞ்ச காலம் இழுக்கும். ஆகவே பழைய விரிசலா, இன்னும் வளர்கிறதா என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். செலவில்லாத வழி ஒன்று உண்டு. விரிசலின் குறுக்கே சுவரைச் சுரண்டிச் சுத்தப்படுத்தி, விரல் நீளக் கண்ணாடித் துண்டை இரு முனையிலும் பிளாஸ்டர் வைத்து ஒட்டி, தேதியை எழுதிவையுங்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் கண்ணாடி உடையாமல் இருந்தால் விரிசல் நின்றுவிட்டது, சுண்ணாம்புக் கலவையால் அடைத்துப் பூசலாம், சிமெண்ட் வேண்டாம். உடைந்தால் கட்டமைப்புப் பொறியாளரை நேரில் வரவழையுங்கள். முற்றத்துக் கிணறு எங்கே இருந்தது என்று பாட்டியிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், வரும் பொறியாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.